காற்றுக் குமிழிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: டிக்கோயாவில் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறோம். ஓடைத் தண்ணீரைச் சேர்க்கும் தாங்கிக்குள் இறக்கிவைக்கும் சவ்வு வடிகட்டி ஒன்றை வாங்க எண்ணியுள்ளோம். காற்றுக் குமிழி விடும் இயந்திரத்தையும் சேர்த்து எடுத்தால் சவ்வு அடைக்கவே அடைக்காது, இரசாயனம் போட்டுக் கழுவவும் தேவையில்லை என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?

பதில்: இயந்திரத்தை வாங்குங்கள். அவருடைய வாக்குறுதியை அப்படியே நம்பாதீர்கள்.

இவ்வகை வடிகட்டியில் நூல் போன்ற மெல்லிய குழாய்கள் கட்டுக்கட்டாகத் தொங்கும். பம்பு உறிஞ்சும்போது தண்ணீர் நுண்துளைகள் வழியே குழாய்க்குள் போகும்; சேறு வெளிச்சுவரில் படியும். அடியிலிருந்து கிளம்பும் குமிழிகள் தண்ணீரைக் கலக்கி, குழாய்களை ஆட்டி, அந்தப் படிவை உரசி எடுத்துவிடும். மழைக்காலத்தில் ஓடை செந்நிறமாகக் கலங்கி வரும் இடத்துக்கு இது வீண்செலவே அல்ல. 1989இல் ஜப்பானில் யமமோட்டோ என்ற ஆய்வாளரின் குழுவினர் காற்றூட்டும் தொட்டிக்குள்ளேயே சவ்வை இறக்கிக் காட்டினார்கள்; இன்று கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் அது சாதாரண நடைமுறை.

ஆனால் துளைக்குள் புகுந்து ஒட்டியதைக் குமிழியால் எடுக்க முடியாது. இரும்புக் கறைக்குச் சிற்றிக் அமிலம், வழுவழுப்பான நுண்ணுயிர்ப் படலத்துக்குக் குளோரின் கரைசல் என்று அவ்வப்போது கழுவத்தான் வேண்டும். உங்கள் சவ்வு எந்த இரசாயனத்தை எவ்வளவு தாங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு பிறகு உதவாது.

குமிழி மிக நுண்ணியதாக இருந்தால் நல்லது என்று சொன்னால் ஏற்காதீர்கள். ஒட்சிசன் கரைவதற்குத்தான் நுண்குமிழி சிறந்தது. உரசித் துப்புரவாக்கப் பருமனான குமிழியே பொதுவாகப் பயன்படுத்தப்படுகிறது. காற்றைக் கூட்டிக்கொண்டே போவதாலும் பயனில்லை, ஓர் அளவுக்குமேல் மின்கட்டணம்தான் ஏறும். 500 வாட்ஸ் இயந்திரம் நாள் முழுதும் ஓடினால் 12 அலகு, 30 நாளுக்கு 360 அலகு. பாதி நேரம் ஓடினால் செலவும் பாதி. எனவே விட்டுவிட்டு இயக்கும் நேரக்கட்டுப்பாடு உள்ளதையே கேளுங்கள்.

இயங்கும் ஒன்றை நேரில் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் எடுக்கும் அளவை மாற்றாமல், காற்றைச் சிறிது நேரம் நிறுத்தி, உறிஞ்சும் அழுத்தமானியைப் பாருங்கள். முள் மெல்ல ஏறி, காற்றைத் திறந்ததும் இறங்கினால் குமிழி வேலை செய்கிறது.

இன்னொன்று, விடுதி என்பதால் கட்டாயம் சொல்ல வேண்டும். ஓடைக்கு மேலே மரக்கறித் தோட்டமோ தேயிலை மலையோ இருந்தால், நீரில் கரைந்த பூச்சிகொல்லியை இவ்வகைச் சவ்வு தடுக்காது. முற்பணம் கொடுக்கும் முன் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள்.