வயலை அடகு வைக்காதீங்க அண்ணாச்சி

சேரன்மகாதேவி அண்ணாச்சிக்கு,

"மகளுக்குச் சென்னையில ஏஐ படிப்பு, மேனேஜ்மென்ட் சீட்டு. வாழை நிக்கிற வயலை அடகு வைக்கச் சொல்லுதாரு மச்சான். நீங்க என்ன சொல்லுதீய?" என்று கேட்டு, பதிலுக்கு முன்னே கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அன்று ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வயலைத் தொடாதீர்கள். வட்டி கட்டப்போவது மச்சான் இல்லை. அந்தக் கல்லூரியில் ஏஐ பாடம் எடுப்பவர்கள் யார், என்ன படித்தவர்கள் என்று அவரையே விசாரித்து வரச் சொல்லுங்கள், பார்ப்போம்.

மகள் கையில் ஒரு காலண்டர் தாள் இருந்ததே, கவனித்தீர்களா? வீட்டு வைஃபை நின்ற அன்று ரூட்டரில் செய்ததை அதன் பின்பக்கம் எழுதியிருந்தாள். இடப்பக்கம் 'முன்னாடி இருந்தது', வலப்பக்கம் 'நான் மாத்துனது', ஓரத்தில் மணி. எனக்கு உடனே மெயின்ஃபிரேம்தான் ஞாபகம் வந்தது, வங்கிகள் வைத்திருக்கும் பெரிய கம்ப்யூட்டர்.

பழைய மிஷின் என்று சிரிப்பார்கள். 1964-ல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம் 360-ன் வாரிசுகள்தான் பெரிய வங்கிகளில் இன்றும் கணக்குப் பார்க்கின்றன. அவற்றில் ஓடும் டேட்டாபேஸ்களில், அதாவது தகவல்களை அடுக்கி வைத்துத் தேடித் தரும் மென்பொருள்களில், ஒன்று டிபி2, 1983-ல் அறிவிக்கப்பட்டது. அதை அமைத்துக் கொடுப்பதில் உள்ளூர் வேலை, வெளியூர் வேலை என இரண்டு உண்டு. எத்தனை பேர் ஒரே நேரத்தில் உள்ளே வரலாம் என்பது போன்ற அளவுகளை 'இசட்பார்ம்' தொகுப்பில் வைப்பது உள்ளூர் வேலை. வேறு சர்வரோ இன்னொரு மெயின்ஃபிரேமோ வந்து கதவைத் தட்டினால் திறக்கும் வாசலுக்கு டிடிஎஃப் என்று பெயர். அதற்கு ஒரு லொகேஷன் பெயர், ஒரு போர்ட் எண் (அந்த வாசலின் கதவு எண் மாதிரி) வேண்டும், வழக்கமாக 446. நாம் வெளியே போய்க் கேட்க வேண்டுமென்றால், அந்த இடத்தின் பெயரும் ஐபி முகவரியும் இங்குள்ள அட்டவணைகளில் ஏற வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் உள்ளே எல்லாம் ஜோராக ஓடும், வெளியூர் கனெக்ஷன் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். சில அளவுகளை ஓட ஓட மாற்றலாம். லொகேஷன் பெயரை மாற்ற டிபி2-வையே நிறுத்தியாக வேண்டும். வங்கியில் அதற்கு ராத்திரிதான் விடுவார்கள். முன்னாடி என்ன இருந்தது என்று எழுதி வைக்காதவன் பாடு அன்றைக்குத் திண்டாட்டம்தான்.

அப்படி எழுதி வைக்கும் பழக்கம் மகளிடம் இப்போதே இருக்கிறது. இந்த வேலைக்குப் போக, பாளையங்கோட்டையில் பிசிஏ அல்லது பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் போதும், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதியா என்று முதலில் கேளுங்கள், ஒரே வளாகத்தில் கட்டணம் இரண்டு விதமாக இருக்கும். கூடவே 'ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோர்' தளத்தில் மகள் பதிவு செய்யட்டும். காசு கிடையாது, நிஜ மெயின்ஃபிரேமில் உட்கார்ந்து, அதற்கு வேலை சொல்லும் ஜேசிஎல், புரோகிராம் எழுதும் கோபால் எல்லாம் பழகலாம். (கோபால் என்றதும் மதினி "எந்தூர்க்காரரு?" என்று கேட்டார்கள். அது 1959-ல் பிறந்த கம்ப்யூட்டர் மொழி.) லட்சம் கொடுத்தால் மெயின்ஃபிரேம் கற்றுத் தருகிறோம் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஒன்றை மறைத்தால் நான் தரகன். எடுத்த எடுப்பில் டேட்டாபேஸைக் கையில் தர மாட்டார்கள். ராத்திரி ஷிப்டில் பேட்ச் வேலைகளை, அதாவது மொத்தமாகச் சேர்த்துத் தானாக ஓடவிடும் வேலைகளை, கண்காணிக்க வைப்பார்கள், சில வருஷம் போகும். வேலையும் நெல்லையில் இல்லை. சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டிவரும். இது மகளுக்குப் பிடிக்காவிட்டால் வேறு வழி பார்ப்போம். பிடிக்குமா என்று அவள்தான் சொல்ல வேண்டும். அன்று அரை மணி நேரத்தில் அவளைப் பேசவிட்டது ஒரே ஒரு தடவை.

அடுத்த சனிக்கிழமை அவளைக் கூட்டி வாருங்கள், அந்தக் காலண்டர் தாளோடு. மச்சான் வீட்டிலேயே இருக்கட்டும்.