கட்டாய இடமாற்றத்தின் பாதிப்பை எப்படி அளப்பது?

சென்னையில் கூவம் கரையிலிருந்து நகருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் உள்ள அரசுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பங்களின் நிலை மேம்பட்டதா, சரிந்ததா என்று எப்படிக் கணிப்பது என்பதுதானே கேள்வி?

மைக்கேல் செர்னியா என்ற சமூகவியலாளர் வேலையிழப்பு, உணவுப் பாதுகாப்பின்மை, உறவுகள் சிதறுவது என எட்டு அபாயங்களைப் பட்டியலிட்டார். கேள்வித்தாள் தயாரிக்க அது போதும். சிக்கல் வேறு இடத்தில்: மாற்றுவதற்கு முன்பே கணக்கெடுத்திருக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் போன பிறகுதான் கேட்கிறோம், அதுவும் நினைவை நம்பி.

வருமானத்தை மட்டும் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்குச் சம்பளம் அதேதான் இருக்கும். ஆனால் வேலைக்குப் போய்வரும் நேரம் கூடியிருக்கும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் செலவுக் கணக்கிலும் இழப்பு தெரியாது. பயண நேரத்தைக் கேளுங்கள். அப்புறம், அவசரத்துக்குக் கைமாற்று யார் தருவார், அண்ணாச்சி கடையில் கடன் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

சரி, ஒதுக்கிய வீட்டை விட்டு வாடகைக்கு நகருக்கே திரும்பியவர்கள்? அவர்களைத் தேடிப் பிடிக்காத ஆய்வை நான் நம்ப மாட்டேன். தங்கியவர்களை மட்டும் எண்ணினால் பாதிப்பு குறைவாகவே தெரியும்.