வாசகர் கேள்வி–பதில்: காயல் படகில் அரைநாள்

ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை நெருங்குவதால், கேரளக் காயல்களில், அதாவது கடலை ஒட்டிய உப்பங்கழிகளில், படகுப் பயணம் செய்வது பற்றியும், கிராமக் கைத்தொழில்களையும் மதிய உணவையும் சேர்த்து நடத்தப்படும் அரைநாள் சுற்றுலாக்கள் பற்றியும் நம் சிங்கப்பூர் வாசகர்கள் தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள். இம்முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

கேள்வி: டிசம்பரில் கொச்சிக்குச் செல்கிறோம். எழுபது வயதைக் கடந்த என் மாமியாரும், தொடக்கப்பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். இரவு தங்கும் படகுவீட்டை எடுப்பதா, அரைநாள் படகுச் சுற்றுலாவே போதுமா என்று வீட்டில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. (வாசகி, ஈசூன்)

அரைநாள் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். படகுவீடு அகலமான நீர்ப்பரப்புக்கு உரியது. ஊருக்குள் புகுந்து செல்லும் சிறு வாய்க்கால்களில் அது நுழைய முடியாது. மாலை ஐந்தரை மணியளவில் மீனவர்கள் வலை விரிக்கத் தொடங்குவார்கள் என்பதால், அதற்குப் பிறகு படகுவீடுகள் ஏதேனும் ஒரு கரையில் கட்டப்பட்டுவிடும். மீதிப் பொழுதெல்லாம் குளிரூட்டிய அறைக்குள்தான் கழியும். ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயைப் பூசி, நெல்லும் மிளகும் ஏற்றிச் சென்ற பழைய கெட்டுவள்ளத்தின் வழிவந்தது இந்தப் படகுவீடு. அந்த வேலைப்பாட்டைப் பார்க்க விரும்பினால், ஆலப்புழைப் படகுத்துறையில் கரையோரம் நடந்துகொண்டே பார்த்துவிடலாம்.

மூங்கில் கழியை ஊன்றித் தள்ளும் சிறு வள்ளத்தின் அனுபவம் முற்றிலும் வேறானது. இயந்திர ஒலி இருக்காது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் கரை இருக்கும். பாத்திரம் துலக்குகிறவர்கள், வாத்து மேய்க்கிறவர்கள், வீட்டு வாசலில் கட்டிய தோணியில் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகள் என அன்றாட வாழ்க்கை முழுவதும் அந்த நீரை ஒட்டியே நடக்கும். நீங்கள் கடந்து செல்வது பிறருடைய வீட்டுக் கொல்லைப்புறம் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்னதாகவே சொல்லி வையுங்கள். குளிப்பவர்களையும் துணி துவைப்பவர்களையும் படம் எடுக்கக் கூடாது என்பதில் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

பதிவு செய்யும்போது கட்டணத்தைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, தண்ணீரின் மேல் எத்தனை மணி நேரம் இருப்போம் என்பதைத்தான். கொச்சியிலிருந்து புறப்படும் பயணங்களில் பல வைக்கம் பகுதிக்குச் செல்கின்றன. எர்ணாகுளத்திலிருந்து வைக்கம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். நெரிசலில் ஒருவழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், காலை எட்டரைக்குப் புறப்பட்டுப் பிற்பகல் இரண்டரைக்குத் திரும்பும் பயணத்தில் படகில் இருக்கும் நேரம் இரண்டு மணியாகச் சுருங்கிவிடக்கூடும். முதல் நாளே வைக்கத்திலோ குமரகத்திலோ தங்கிவிட்டால் அந்த நேரம் முழுவதும் உங்களுக்கு மிஞ்சும்.

மாமியார் ஏறி இறங்குவதைப் பற்றியும் யோசிக்க வேண்டும். வள்ளம் கரையைவிடத் தாழ்ந்து நிற்கும். கால் வைத்ததும் அசையும். படகோட்டியும் உங்களில் ஒருவரும் இருபுறமும் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான முதியவர்கள் ஏறிவிடுகிறார்கள். ஆனால் முதுகு சாயும் நாற்காலி போட்ட வள்ளம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறு வள்ளத்தில் கழிப்பறை கிடையாது. முழங்கால் வலி மிகுதியாக இருந்தால், கூரையுள்ள பெரிய படகில் காயலை மட்டும் சுற்றி வரும் பகுதியில் அவர் கலந்துகொண்டு, வாய்க்கால் பகுதியின்போது உணவு தரும் வீட்டிலேயே ஓய்வெடுக்கலாம்.

ஆலப்புழைப் பக்கம் தங்குவதாக இருந்தால் குட்டநாட்டு வயல்களைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். கடல்மட்டத்துக்குக் கீழே வரப்பு எழுப்பி நெல் விளைவிக்கும் அந்த முறையை ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் அமைப்பு 2013-ஆம் ஆண்டு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது. மழைக்காலம் முடிந்ததும் வயலில் நிற்கும் நீரை வாய்க்காலுக்கு இறைத்துவிட்டு விதைக்கிறார்கள். ஆகவே டிசம்பரில் படகில் அமர்ந்திருக்கும் பிள்ளை, வரப்புக்கு அப்பால் தன் படகைவிடத் தாழ்வாக இருக்கும் இளம்பயிரைக் குனிந்து பார்க்கும். நம் புலாவ் தெக்கோங்கில் அணை எழுப்பி, நீரை இறைத்து நிலம் மீட்டதைப் பற்றிப் பள்ளியில் கேட்டிருக்கும் பிள்ளைகளுக்கு, இயந்திரக் காலத்துக்கு முன்பே உழவர்கள் சேற்றையும் மூங்கிலையும் கொண்டு அதைச் செய்தார்கள் என்பது வியப்பளிக்கும்.

கேள்வி: இத்தகைய பயணங்களில் காட்டப்படும் கயிறு திரிப்பதும் ஓலை முடைவதும் வெளியூரார்களுக்காக நடத்தப்படும் காட்சிதான் என்று நண்பர் சொல்கிறார். அப்படியானால் அதைப் பார்ப்பதில் என்ன பயன்? அங்கே தனியாகப் பணம் தர வேண்டுமா? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

நண்பர் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. நீங்கள் வரும் நேரத்துக்கு இராட்டையைச் சுற்றுவது உங்களுக்காகத்தான். ஆனால் அதைச் சுற்றும் கைகள் சுற்றுலாவுக்காகப் பழகியவை அல்ல. இளவயதிலிருந்தே கயிறு திரித்து வாழ்ந்த பெண்களையே பெரும்பாலும் அங்கே காண்பீர்கள். அவர்கள் தொழில் நலிந்த கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அது காட்சியாகத் தோன்றாது.

ஆலப்புழையில் முதல் கயிற்றுத் தொழிற்சாலையை ஜேம்ஸ் டாரா என்பவர் 1859-ஆம் ஆண்டு தொடங்கினார். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே காயலோர வீடுகளில் கயிறு திரித்து வந்தார்கள். பச்சைத் தேங்காய் மட்டையைக் காயலின் உவர்நீரில் சேற்றால் அழுத்தி ஆறு முதல் பத்து மாதம் வரை ஊறவைப்பார்கள். மட்டையில் உள்ள பசை கரைந்து, அழுகிய முட்டையைப் போன்ற வாடை கிளம்பும். அந்த நீரில் இடுப்பளவு இறங்கி நின்று மட்டையை வெளியே எடுத்து, கட்டையால் அடித்து நாரைப் பிரித்தவர்களில் பெரும்பாலானோர் பெண்களே. இன்று மட்டை ஊறவைக்கும் இடங்கள் மிகவும் குறைந்துவிட்டன. இயந்திரத்தில் பிரித்த நார் தமிழ்நாட்டிலிருந்து, குறிப்பாகப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து, லாரிகளில் செல்கிறது. வைக்கத்துப் பெண் இடுப்பில் செருகியிருக்கும் நார் நம் கொங்கு நாட்டுத் தென்னந்தோப்பில் விளைந்ததாக இருக்கலாம் என்பதை நம் வாசகர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

அவர் வேலை செய்யும்போது முகத்தைப் பார்ப்பதைவிட விரல்களைப் பாருங்கள். ஒருவர் இராட்டையைச் சுற்ற, மற்றவர் அதன் இரண்டு கொக்கிகளிலும் நாரின் நுனியை மாட்டிவிட்டு, இடுப்புப் பொதியிலிருந்து நாரை இழுத்து ஊட்டிக்கொண்டே பின்னோக்கி நடப்பார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் நாரின் அளவை உணர்ந்துகொண்டே செல்வதால், கண் வேறெங்கோ இருந்தாலும் இழையின் தடிமன் மாறாது. போதிய நீளம் வந்ததும், பள்ளம் வெட்டிய சிறு மரக்கட்டையை இரண்டு இழைகளுக்கும் இடையே வைத்து, இராட்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே வருவார். கட்டைக்குப் பின்னால் இரண்டு இழைகளும் ஒன்றையொன்று தழுவி முறுக்கேறிக் கயிறாகிவிடும். உங்கள் பிள்ளைகளையும் ஒருமுறை திரிக்கச் சொல்லுங்கள். அவர்கள் கையில் இழை ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் அறுந்தும் போவதைக் கண்ட பிறகுதான் அந்தப் பெண்ணின் திறமை அவர்களுக்கு விளங்கும். இந்த இடத்தில் ஐந்து நிமிடம் நின்று படம் எடுத்துவிட்டு நகர்த்திச் செல்லும் வழிகாட்டியிடம், நாங்கள் இன்னும் சற்று நேரம் இருக்க விரும்புகிறோம் என்று தயங்காமல் சொல்லுங்கள். கீற்று முடைவதும் தாழம்பாய் பின்னுவதும் இதே அளவு பொறுமையோடு பார்க்க வேண்டியவைதான்.

பணத்தைப் பொறுத்தவரை, கேரள அரசு 2008-ஆம் ஆண்டு குமரகம் உள்ளிட்ட சில இடங்களில் பொறுப்புச் சுற்றுலா என்ற திட்டத்தைத் தொடங்கியது. கைத்தொழிலாளரின் வீட்டுக்கே பயணிகளை அழைத்துச் சென்று, கட்டணத்தில் ஒரு பங்கை அந்த வீட்டுக்கே சேர்ப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. தனியார் நடத்தும் பயணங்களில் இந்தப் பங்கு ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். கயிறு திரிப்பவருக்கு எவ்வளவு தருகிறீர்கள் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்; நேர்மையாக நடத்துகிறவர்கள் அதற்குத் தடுமாறாமல் பதில் சொல்வார்கள். அதற்கு மேல் நீங்கள் தர விரும்பினால், 100, 200 ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொண்டு அவர் கையிலேயே கொடுங்கள். மிதியடியோ கயிற்றுச் சுருளோ வாங்கினால் பேரம் பேசாதீர்கள். இங்கே ஒரு கோப்பிக்குக் கொடுக்கும் வெள்ளியைக் குறைப்பதற்காக அங்கே ஒரு மூதாட்டியிடம் வாதாடுவது நமக்கு அழகல்ல.

கேள்வி: உறவினர் திருமணத்துக்காகக் கடையநல்லூர் செல்கிறோம். கொச்சிவரை போகாமல் காயலைப் பார்க்க வழி உண்டா? நாங்கள் முஸ்லிம்கள்; மதிய உணவு எப்படி இருக்கும் என்பதையும், கள் இறக்குவதைக் காட்டும் இடத்தைத் தவிர்க்க முடியுமா என்பதையும் தெரிவிக்க வேண்டும். (வாசகர், பிடோக்)

உங்களுக்குக் கொல்லம்தான் அருகில். தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து செல்லும் ரயில் பாதை, அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018-ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்டது. தென்மலைக்கு அருகே பதிமூன்று கண் பாலத்தைக் கடக்கும் அந்தப் பயணமே பார்க்கத் தக்கது. கொல்லத்தை அடுத்து, கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் கலக்கும் இடத்தில் மன்றோ தீவு இருக்கிறது. திருவிதாங்கூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாகவும் திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயரைத் தாங்கிய இந்தத் தீவின் வாய்க்கால்கள் மிகக் குறுகலானவை. சில பாலங்களின் அடியில் செல்லும்போது படகில் உள்ள எல்லாரும் தலையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியிருக்கும். கைத்தள்ளு வள்ளத்தில் செல்ல இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் அறியேன்.

மதிய உணவு பெரும்பாலும் வாழையிலையில் பரிமாறும் சைவச் சாப்பாடுதான். தடித்த சிவப்பரிசிச் சோறு, அவியல், தோரன், மோர்க்கறி, அப்பளம் ஆகியவற்றோடு, விரும்புகிறவர்களுக்குக் குடம்புளி போட்ட மீன்குழம்போ பொரித்த கரிமீனோ வரும். இறைச்சி அரிதாகவே சேர்க்கப்படும் என்பதால் உங்களுக்குச் சிக்கல் குறைவு. சமையல் பாத்திரங்களைப் பற்றிய தயக்கம் இருந்தால், மன்றோ தீவில் முஸ்லிம் வீட்டார் சமைத்துத் தரும் ஏற்பாடு உண்டா என்று முன்கூட்டிக் கேளுங்கள். இல்லாவிட்டால் படகை மட்டும் எடுத்துக்கொண்டு, உணவைக் கொல்லத்திலேயே முடித்துக்கொள்ளலாம். குடிக்க இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் தந்தால் தயங்க வேண்டாம். அது பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர்.

கள் இறக்கும் இடத்தைத் தவிர்க்கலாம். ஒரு சொல் சொன்னால் போதும். மரத்தில் ஏறிப் பாளையை எலும்பால் தட்டி, சீவி, பானை கட்டும் தொழிலைப் பார்க்க மட்டும் விரும்பினாலும் யாரும் அருந்த வற்புறுத்த மாட்டார்கள். பிற வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: கேரளத்தில் மது அருந்துவதற்கான குறைந்தபட்ச வயது 23.

கேள்வி: வைக்கத்தில் படகு ஏறுகிறோம். அங்கே பெரியார் நினைவிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அரைநாளில் அதையும் பார்க்க முடியுமா? (வாசகர், தோ பாயோ)

முடியும், பார்க்கவும் வேண்டும். கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமைக்காக 1924, 1925-ஆம் ஆண்டுகளில் நடந்த வைக்கம் போராட்டத்தில் பெரியார் இருமுறை சிறைப்பட்டார். புதுப்பிக்கப்பட்ட நினைவகம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. படகுப் பயணம் முடிந்து கொச்சி திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் நிறுத்தும்படி ஓட்டுநரிடம் காலையிலேயே பேசிவிடுங்கள். இன்னும் சிறிது நேரம் இருந்தால், வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் ஓடும் அரசின் சூரியசக்திப் படகில் ஒருமுறை போய் வாருங்கள். 75 பேர் அமரக்கூடிய அந்தப் படகுதான் இந்தியாவின் முதல் சூரியசக்திப் பயணிகள் படகு. ஊர் மக்களோடு அமர்ந்து வேம்பநாட்டுக் காயலைக் கடக்க மிகச் சிறிய கட்டணமே ஆகும்.

கேள்வி: எங்களுக்கு ஜூன் மாதத்தில்தான் விடுப்புக் கிடைக்கும். மழைக்காலத்தில் சிறு பிள்ளையோடு படகில் செல்வது பாதுகாப்பானதா? (வாசகி, பொங்கோல்)

வாய்க்கால் பயணம் மட்டும் என்றால், மழை விட்ட காலைப் பொழுதில் செல்லலாம். அகன்ற காயலுக்குள் ஜூன், ஜூலை மாதங்களில் பிள்ளையை அழைத்துச் செல்ல வேண்டாம். காற்று திடீரென எழும். எச்சரிக்கை நாள்களில் மாவட்ட நிர்வாகமே படகுகளை நிறுத்திவிடுவதும் உண்டு. அப்படி நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அங்கே எலிக்காய்ச்சல் பரவுவதால், காலில் புண்ணோ கீறலோ இருந்தால் தேங்கிய நீரில் கால் வைக்கக் கூடாது.

எந்தப் பருவத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாதது ஒன்று உண்டு. 2023 மே 7-ஆம் நாள் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில், இருட்டிய பிறகு அளவுக்கு மீறி ஆள் ஏற்றிச் சென்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். சாங்கி முனையிலிருந்து புலாவ் உபினுக்குச் செல்லும் படகில் 12 பேருக்கு மேல் ஏற்றாததைப் பார்த்துப் பழகிய நாம், அங்கேயும் அதே கண்டிப்போடு இருக்கலாம். படகில் எழுதப்பட்டிருக்கும் ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். அதற்கு மேல் ஒருவர் ஏறினாலும் இறங்கிவிடுங்கள். உயிர்காப்பு மேலங்கிகள் பெரும்பாலும் பெரியவர்களின் அளவிலேயே இருக்கும். அது சிறு பிள்ளையின் தோளிலிருந்து நழுவிவிடும் என்பதால், பிள்ளையின் எடைக்கு ஏற்றதை இங்கேயே வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு செல்லுங்கள். வள்ளத்தில் ஏறுவதற்கு முன்பே, கரையில் நிற்கும்போதே அதை அணிவித்து, கால் இடுக்கு வாரையும் இறுக்கிக் கட்டிவிடுங்கள்.