பல நாட்ல இருக்கிற பத்து பேருக்கு மீட்டிங் நேரம் ஃபிக்ஸ் பண்ண எந்த டூல் நல்லது?

சென்னை, சிங்கப்பூர், டொரன்டோனு ஆளுக்கொரு பக்கம் இருக்கீங்கன்னு சொல்றீங்க. ஒரே ஊர்னா வாட்ஸ்அப்ல ஓட்டெடுப்பு (poll) வச்சாலே போதும், 12 ஆப்ஷன் வரைக்கும் போடலாம், ஆனா அது டைம் ஸோன் மாத்திக் காட்டாது, அதனால உங்களுக்கு சரிப்படாது. நான் வென்-டு-மீட் (When2meet)ங்கிற வெப்சைட்டைத் தான் சொல்வேன், லாகின் வேணாம், அவங்கவங்க ஃப்ரீயா இருக்கிற நேரத்தை கட்டத்துல இழுத்து விட்டா போதும், எல்லாருக்கும் ஒத்து வர்ற இடம் அடர் பச்சையா தெரியும். டூடுல் (Doodle)ங்கிற இன்னொரு வெப்சைட்ல நீங்களே நாலஞ்சு நேரம் குடுத்து ஓட்டு கேக்கலாம், பெரியவங்களுக்கு அதுதான் ஈஸி.

ஒண்ணு மறந்துடாதீங்க, டொரன்டோ ராத்திரி 9 மணி சென்னைல காலை 6.30, நவம்பர்ல அவங்க கடிகாரத்தை மாத்தினா 7.30 ஆயிடும். வாராவாரம் மீட்டிங்னா எந்த ஊர் நேரம்னு பேசி முடிச்சு கூகுள் கேலண்டர்ல இன்வைட் போட்டுருங்க.