பிளாஸ்டிக் கழிவிலிருந்து எண்ணெய்: குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பிளாஸ்டிக் கழிவை வினையூக்கியின் (தான் தீர்ந்துபோகாமல் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருளின்) துணையோடு எரிபொருளாகவும் வேதிப்பொருளாகவும் மாற்றுவது குறித்து வந்த கடிதங்களில் பல, எவ்வளவு எண்ணெய் கிடைக்கும் என்றே கேட்கின்றன. எந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து என்று முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உலைக்குள் நடப்பதைவிட, உலைக்கு வருமுன் கழிவு எப்படிப் பிரிக்கப்பட்டது என்பதே பலனைத் தீர்மானிக்கிறது.

பிளாஸ்டிக்கை எரிப்பதற்கும் உலையில் சூடாக்கி எண்ணெய் எடுப்பதற்கும் என்ன வேறுபாடு? வினையூக்கியின் வேலை என்ன?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

எரியும்போது பிளாஸ்டிக்கிலுள்ள கார்பன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகிவிடுகிறது. காற்று போதாத குப்பைமேட்டுத் தீயில் கரும்புகையும் நச்சு வாயுக்களும் எழுகின்றன. காற்று புகாத உலையில் 400 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், எரிய வழியில்லாத நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து, கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறிய ஹைட்ரோகார்பன்களாக ஆவியாகின்றன. அந்த ஆவியைக் குளிர்வித்தால் எண்ணெய் கிடைக்கும். குளிர்ந்தும் திரவமாகாத வாயுவை உலையைச் சூடாக்கவே பயன்படுத்திக்கொள்ளலாம்.

வெப்பம் மட்டும் இருந்தால் சங்கிலி கண்ட இடத்தில் அறுபடும். கடைகளில் தரும் பிளாஸ்டிக் பை செய்யப் பயன்படும் பாலிஎத்திலீனை அப்படிச் சிதைத்தால் வாயு முதல் மெழுகு வரை எல்லாம் கலந்து வரும். மெழுகு குழாய்களில் உறைந்து அடைத்துக்கொள்ளும். அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் ஆகியவற்றால் ஆன சியோலைட் என்ற வினையூக்கியைச் சேர்த்தால், அதன் அமிலத் தன்மையுள்ள இடங்களில் சங்கிலிகள் குறைந்த வெப்பத்திலேயே உடைகின்றன. மாவு எவ்வளவு இருந்தாலும் இடியாப்ப அச்சின் துளைதான் இழையின் பருமனைத் தீர்மானிப்பதுபோல, சியோலைட்டின் நுண்துளைகளே எந்த அளவுள்ள மூலக்கூறு வெளிவரும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. இசட்.எஸ்.எம்-5 என்ற வகையில் அந்தத் துளை ஏறத்தாழ 0.55 நானோமீட்டர் மட்டுமே. ஆகவே பெட்ரோல் அளவிலான மூலக்கூறுகளும் பென்சீன், டொலுவீன், சைலீன் போன்றவையும் அதிகமாகக் கிடைக்கின்றன.

வேலை நடக்க நடக்க வெண்ணிறத் தூளான சியோலைட்டின் மேல் கரி படிந்து, அது கறுத்துச் செயலிழக்கும். காற்றைச் செலுத்திக் கரியை எரித்துவிட்டால் மீண்டும் வெளுத்துப் பழைய நிலைக்கு வரும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் 1960களிலிருந்து சியோலைட்டை இவ்வாறே புதுப்பித்துப் பயன்படுத்தி வருகின்றன.

கிழிந்த வலைகளைக் கடற்கரையில் குவித்துப்போடுகிறோம். அவற்றிலிருந்து படகுக்கு டீசல் எடுக்க முடியுமா?
– மீனவர், குளச்சல்

வலை என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன. செவுள் வலையும் தங்கூசி என்னும் ஒற்றை இழை நரம்பும் பெரும்பாலும் நைலான். விசைப்படகின் இழுவலை பெரும்பாலும் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன். கயிறுகளில் பல பாலிபுரொப்பிலீன். இவற்றை நீங்களே பிரித்தறியலாம். சிறு துண்டை வெட்டி, நல்ல தண்ணீரில் அமிழ்த்தி, இழைகளுக்கிடையே ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகள் போகும்வரை விரலால் அழுத்தி விடுங்கள். நைலான் அடியில் தங்கிவிடும். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மேலே வந்து மிதக்கும்.

மிதப்பவை எண்ணெய் எடுக்க ஏற்றவை. நைலானில் நைட்ரஜன் இருப்பதால் அதிலிருந்து வரும் அம்மோனியா போன்ற காரப்பொருள்கள் சியோலைட்டின் அமில இடங்களை மூடிவிடும். அதை எண்ணெயாக்குவது வீண் என்றே சொல்வேன். நைலான்-6 வகையைத் தனியே பிரித்தெடுத்தால், எந்த மூலப்பொருளிலிருந்து அது உருவானதோ அந்தக் காப்ரோலாக்டமாகவே மாற்றி, மறுபடியும் நைலான் இழை செய்யலாம்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஈயக் குண்டுகளை ஒன்றுவிடாமல் அறுத்தெடுக்க வேண்டும். வலையிலுள்ள உப்பை நல்ல தண்ணீரில் அலசிப் போக்க வேண்டும். உப்பிலுள்ள சோடியம் சியோலைட்டின் அமிலத்தைச் செயலிழக்கச் செய்யும், குளோரைடு இரும்பை அரிக்கும். கரியால் கெட்ட வினையூக்கியை எரித்து மீட்கலாம். சோடியம் ஏறிய வினையூக்கி அப்படி மீளாது. கடலோரத்தில் இத்தகைய ஆலை அமைக்க நினைப்பவர்கள் உலைக்கு முன்பாக அலசும் தொட்டிக்கும் கழிவுநீருக்கும் திட்டமிட வேண்டும்.

ரப்பர் மரங்களில் மழைக்காலத்தில் கட்டும் பிளாஸ்டிக் மறைப்புகள் ஆண்டுதோறும் வீணாகின்றன. அவை பயன்படுமா?
– தோட்ட உரிமையாளர், குலசேகரம்

நிச்சயமாகப் பயன்படும். அது பாலிஎத்திலீன் தாள். ஒட்டியிருக்கும் ரப்பர் பால்கூடப் பெரும்பகுதி ஹைட்ரோகார்பன்தான், பெரிய இடையூறு செய்யாது. மறைப்பை மரத்தோடு ஒட்டுவதற்குப் பூசும் தார்க் கலவைதான் சிக்கல். தாரில் கந்தகமும், சிறிதளவு வனேடியம், நிக்கல் ஆகிய உலோகங்களும் இருக்கும். அவை சியோலைட்டைக் கெடுக்கும். பால்வெட்டுத் தொழிலாளர்கள் மறைப்பைக் கழற்றும்போதே தார் படிந்த மேல்விளிம்பைக் கத்தியால் தனியாக நறுக்கிப் போட்டால், மீதித் தாளை மண் போகக் கழுவி, உலர்த்தி, கட்டாகக் கட்டி வைக்கலாம். ஒரே தோட்டத்திலிருந்து ஒரே வகைப் பிளாஸ்டிக் மொத்தமாகக் கிடைப்பது அரிய வசதி. வீட்டுக் குப்பையில் அது கிடைக்காது.

திருவிழாவுக்கு வைக்கும் ஃபிளெக்ஸ் பேனர்களையும் தண்ணீர் பாட்டில்களையும் சேர்த்துப் போடலாமா?
– மார்த்தாண்டம்

கூடாது. ஃபிளெக்ஸில் உள்ள பி.வி.சி. என்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக்கின் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு குளோரின். சூடேறியதும் அது ஹைட்ரஜன் குளோரைடு அமில வாயுவாக வெளியேறி உலையையும் வினையூக்கியையும் எண்ணெயையும் சேர்த்துக் கெடுக்கும். தண்ணீர் பாட்டில் பெட் (PET) என்ற பிளாஸ்டிக் வகை. எண்ணெய்க்குப் பதிலாகக் குழாயை அடைக்கும் அமிலப் படிகங்களையே அது தரும். பாட்டிலை வாங்கிச் செல்லப் பழைய பொருள் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமே கொடுங்கள்.

இரும்பு டிரம்மை வைத்து வீட்டிலேயே எண்ணெய் எடுக்கும் காணொளிகளைப் பார்த்தேன். முயன்று பார்க்கலாமா?
– அருமனை

தயவுசெய்து வேண்டாம். டிரம்முக்குள் சிறிது காற்று புகுந்தாலும், சூடான ஹைட்ரோகார்பன் ஆவி வெடிக்கக்கூடும். அப்படி எடுத்த எண்ணெயில் நிலையற்ற மூலக்கூறுகள் மிகுதி. வைத்திருக்க வைத்திருக்கப் பிசினாகி என்ஜினை அடைக்கும். டேராடூனில் இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் 2019இல் தொடங்கிய ஆலை, நாளொன்றுக்கு 1 டன் பிளாஸ்டிக்கிலிருந்து ஏறத்தாழ 800 லிட்டர் டீசல் எடுக்க வடிவமைக்கப்பட்டது. அதன் பின்னால் பல ஆண்டு ஆய்வு இருக்கிறது. தொழிலாகச் செய்ய விரும்பினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற்று, பொறியாளரோடு தொடங்குங்கள்.

கடைசியில் அந்த எண்ணெயையும் எரிக்கத்தானே போகிறோம்? இதை எப்படி மறுசுழற்சி என்று சொல்வது?
– ஆசிரியர், தக்கலை

உங்கள் ஐயம் முற்றிலும் நியாயமானது. 1 கிலோ பாலிஎத்திலீன், நேரடியாக எரிந்தாலும் முழுவதும் எண்ணெயாகி எரிந்தாலும், இறுதியில் ஏறத்தாழ 3.1 கிலோ கார்பன் டை ஆக்சைடாகவே முடியும். எரிபொருளாக்குவது குப்பைமேட்டுத் தீயைவிடப் பன்மடங்கு மேல்; என்றாலும் அதை மறுசுழற்சி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. எண்ணெயைச் சுத்திகரித்து, எத்திலீன், புரொப்பிலீன் ஆக்கி, மறுபடியும் பிளாஸ்டிக் செய்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

அந்தத் திசையில் 2024இல் அமெரிக்காவின் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டிய வழி எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. அலுமினாவில் ஏற்றிய சோடியம், சிலிக்காவில் ஏற்றிய டங்ஸ்டன் ஆக்சைடு ஆகிய இரண்டு வினையூக்கிகளைக் கொண்டு, எத்திலீன் வாயுவின் முன்னிலையில் பாலிஎத்திலீனையும் பாலிபுரொப்பிலீனையும் புரொப்பிலீன், ஐசோபியூட்டிலீன் ஆகிய வாயுக்களாகவே அவர்கள் மாற்றினார்கள். சியோலைட்டுக்கு நஞ்சான சோடியம் அங்கே வினையூக்கியாக வேலை செய்கிறது. அந்த முறைக்கும் பி.வி.சி. கலந்தால் ஆகாது.