தரையில் வழி தவறாமல்: புது விமான நிலையங்கள் பற்றிக் கேள்வி பதில்

முன்பின் பார்த்திராத விமான நிலையத்தில் இறங்கிய பிறகு, ஓடுதளத்திலிருந்து நிறுத்துமிடம் வரை பத்திரமாகப் போவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஓட்டியும் கற்றுக்கொடுத்தும் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்தப் பழக்கத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சார், பறப்பதுதானே கஷ்டம்? தரையில் மெதுவாக ஓட்டுவதில் என்ன பெரிய ஆபத்து?

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு. வேறு நிலையத்துக்குப் போக வேண்டிய இரண்டு ஜம்போ விமானங்கள், அங்கே குண்டு வெடித்ததால் இந்தச் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. கடும் பனிமூட்டம். ஓடுதளத்தின் மேலேயே ஓட்டிக்கொண்டு வந்த பான் ஆம் விமானத்தை மூன்றாவது வழியில் வெளியேறச் சொன்னார்கள். எந்த வழியிலும் பலகை இல்லை, எது மூன்றாவது என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. அதே ஓடுதளத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து கேஎல்எம் விமானம், கிளம்ப அனுமதி கிடைக்கும் முன்பே வேகமெடுத்துவிட்டது. 583 பேர் இறந்தார்கள். விமான வரலாற்றிலேயே அதிக உயிர்களைப் பறித்த விபத்து, ஓடுதளத்தின் மேல்தான் நடந்தது.

கேள்வி: பயிற்சி மாணவன் நான். அடுத்த வாரம் முதல்முறையாக ஒரு பெரிய நிலையத்துக்குத் தனியாகப் போகிறேன். எப்படித் தயாராவது?

கிளம்பும் முன்பே அந்த நிலையத்தின் தரை வரைபடத்தை எடுத்து விரலை வைத்து ஓட்டிப் பாருங்கள். இறங்கப்போகும் ஓடுதளம், வெளியேற வாய்ப்புள்ள வழிகள், நிறுத்துமிடம், வழியில் தாண்ட வேண்டிய ஓடுதளங்கள். தாண்டுமிடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். குழப்பத்துக்குப் பேர்போன சந்திப்புகளை 'ஹாட் ஸ்பாட்' என்று வரைபடத்திலேயே குறித்திருப்பார்கள், அவற்றைச் சத்தமாக வாசியுங்கள்.

அப்புறம், வரைபடம் எந்தத் தேதியது என்று பாருங்கள். இந்தத் தகவல்கள் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுபவை. நடுவில் டாக்சிவே, அதாவது ஓடுதளத்துக்கும் நிறுத்துமிடத்துக்கும் இடையே ஓட்டிச் செல்லும் பாதை, மூடினாலோ வேலை நடந்தாலோ விமானிகளுக்கான 'நோட்டம்' (NOTAM) அறிவிப்பில் வரும். 2000 அக்டோபர் 31 இரவு, தைபேயில் புயல் மழைக்கு நடுவே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, கட்டுமான வேலைக்காக மூடியிருந்த பக்கத்து ஓடுதளத்தில் வேகமெடுத்து, அங்கே நின்ற இயந்திரங்களில் மோதியது. 83 பேர் இறந்தார்கள். ஓடுதளம் மூடியிருக்கும் விஷயம் விமானிகளுக்கு முன்பே தெரியும். தாங்கள் நிற்பது அதில்தான் என்பது மட்டும் தெரியவில்லை.

கேள்வி: பலகைகளின் நிறம் எனக்கு எப்போதும் குழம்புகிறது.

கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து: நீங்கள் நிற்கும் இடம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து: போகும் திசை. சிவப்பில் வெள்ளை எழுத்து: அனுமதி இல்லாமல் தாண்டாதே. தரையில் இரண்டு முழுக்கோடும் இரண்டு விட்டுவிட்டுப் போகும் கோடும் சேர்ந்து வந்தால் அது ஓடுதளத்தின் வாசல். முழுக்கோடு உங்கள் பக்கம் இருந்தால் நில்லுங்கள். இரவில் டாக்சிவே ஓரம் நீல விளக்கு, நடுக்கோடு பச்சை, ஓடுதள ஓரம் வெள்ளை.

கேள்வி: ரேடியோவில் வழி சொல்லும் கண்ட்ரோலர் வேகமாகப் பேசுகிறார். திரும்பக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்ய?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இதையெல்லாம் எழுதவே ஆரம்பித்தேன்.

ஒருமுறை நள்ளிரவு தாண்டி, நல்ல மழையில், எனக்குப் புதிதான ஒரு நிலையத்தில் இறங்கினோம். ஓடுதளத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரே மூச்சில் வழி வந்தது: ஐந்து டாக்சிவே பெயர்கள், நடுவில் ஓர் ஓடுதளத்துக்கு முன் நிற்க வேண்டும் என்ற நிபந்தனை. கோ-பைலட் எழுதிக்கொண்டார், திருப்பிச் சொன்னார். எனக்குப் பாதிதான் மனதில் நின்றது, ஆனாலும் தலையாட்டிவிட்டேன். மூன்றாவது திருப்பத்தில் மஞ்சள் நடுக்கோடு நனைந்த தரையின் பளபளப்பில் காணாமல் போய்விட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் நீலப் புள்ளிகள். கறுப்புப் பலகை வந்தது, அதில் நான் எதிர்பார்த்த எழுத்து இல்லை. பிரேக்கை அழுத்தி விமானத்தை நிறுத்தினேன். "எங்கே இருக்கிறோம் என்று உறுதியாகத் தெரியவில்லை, நின்றுவிட்டோம்" என்று சொன்னேன். கண்ட்ரோலர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "அங்கேயே நில்லுங்கள், வண்டி அனுப்புகிறேன்" என்றார். அந்த வழிகாட்டி வண்டியின் பின்னால் திரும்பும்போதுதான், நாங்கள் போய்க்கொண்டிருந்த பக்கத்தில் ஓடுதளத்தின் சிவப்புப் பலகையைப் பார்த்தேன். அன்று முதல், புரியாமல் நான் தலையாட்டியதில்லை.

ஆகவே கேளுங்கள். "எனக்கு இந்த நிலையம் புதிது, ஒவ்வொரு திருப்பமாகச் சொல்லுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொல்வார்கள். சந்தேகம் வந்தால் நின்று, உடனே தெரிவியுங்கள். ஒன்று மட்டும் வேறு: ஓடுதளத்தின் மேலேயே இருக்கிறோமோ என்று தோன்றினால் அங்கே நிற்காதீர்கள். உடனே சொல்லுங்கள், பக்கத்தில் வழி தெரிந்தால் முதலில் வெளியேறி, பிறகு நில்லுங்கள்.

கேள்வி: கோ-பைலட்டாக இருக்கிறேன். மூத்த கேப்டன் தப்பாகத் திரும்புகிறார் என்று தோன்றினால் எப்படிச் சொல்வது?

"நிறுத்துங்கள் சார்." இந்த இரண்டு வார்த்தை போதும், விளக்கம் நின்ற பிறகு. நீங்கள் சொன்னது தப்பாக இருந்தால் ஒரு நிமிடம் போகும், அவ்வளவுதான்.

2006 ஆகஸ்ட் 27 விடியற்காலை, அமெரிக்காவின் லெக்சிங்டனில் 22ஆம் ஓடுதளத்தில் கிளம்ப வேண்டிய காம்ஏர் விமானம் 26ஆம் ஓடுதளத்தில் நுழைந்துவிட்டது. முதலாவது 7,000 அடிக்கு மேல் நீளம், இரண்டாவது 3,500 அடிதான். ஓடுதளத்தில் விளக்கு எரியாதது விசித்திரமாக இருக்கிறது என்று கோ-பைலட் சொன்னார். சொன்னதோடு சரி, யாரும் நிறுத்தவில்லை. 49 பேர் இறந்தார்கள், கோ-பைலட் மட்டும் பிழைத்தார். தரையில் ஓட்டிச் செல்லும்போது வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு ஓடியதையும் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

ஓடுதளத்தின் எண் என்பது திசைகாட்டியின் முதல் இரண்டு இலக்கம்தான். 22 என்றால் ஏறத்தாழ 220 டிகிரி. ஓடுதளத்தில் நேராக நின்றதும் திசைகாட்டியைப் பார்த்து எண்ணை உரக்கச் சொல்லுங்கள். இரண்டு நொடி வேலை.

கேள்வி: டேப்லெட்டில் நம் விமானமே நகர்வது தெரிகிறதே, அது போதாதா?

நல்ல துணை, நானும் வைத்துக்கொள்கிறேன். ஆனால் இன்று காலை மூடிய டாக்சிவே அதில் வரும் என்று நம்பி இருக்காதீர்கள். ஒருவர் திரையைப் பார்க்கட்டும், ஓட்டுபவரின் கண் வெளியில் இருக்கட்டும்.

கேள்வி: அனுமதி கொடுத்துவிட்டார்கள், ஆனால் குறுக்கே சிவப்பு விளக்கு வரிசை எரிகிறது. போகலாமா?

போகக் கூடாது. விளக்கு எரிவதைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

கேள்வி: தினமும் போகிற நிலையத்தில் இவ்வளவு பயம் தேவையில்லைதானே?

2024 ஜனவரி 2, டோக்கியோவின் ஹனேடா நிலையம். ஓடுதளத்தில் இரண்டு விமானங்கள் மோதின. அவற்றில் ஒன்றான கடலோரக் காவல்படை விமானத்துக்கு அதுதான் சொந்தத் தளம். ஓடுதளத்துக்கு வெளியே நிற்கும் இடம் வரைதான் போகச் சொல்லியிருந்தார்கள், அதையே அவர்களும் திருப்பிச் சொன்னார்கள். ஆனால் உள்ளே போக அனுமதி கிடைத்துவிட்டது என்று அதன் கேப்டன் நினைத்துக்கொண்டு ஓடுதளத்துக்குள் போய்விட்டார். இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் 379 பேரும் தப்பினார்கள், காவல்படை விமானத்தின் ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள்.

எனக்குப் பாடமாகத் தெரிந்த நிலையங்களிலும் வரைபடத்தை முழங்கால் மேல் திறந்துதான் வைத்திருக்கிறேன்.