எஸ்எஸ்எச் கான்ஃபிக் ஃபைலில் எழுதியும் ஏன் வேறு யூசர் பெயரிலேயே போகிறது?

கேட்டது இதுதானே: எஸ்எஸ்எச்சுக்கு (தூரத்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் கருவி) கான்ஃபிக் ஃபைல், அதாவது அதன் அமைப்புகளை வைக்கும் ஃபைல், எழுதியாச்சு, ஆனாலும் ஒரு சர்வருக்கு மட்டும் தப்பான யூசர் பெயரில் போய் நிற்கிறது, அதோடு கொஞ்ச நேரம் சும்மா விட்டால் திரை உறைந்துபோகிறது. ஃபைலையும் ஒட்டியிருந்தீர்கள், அதனால் சொல்வது சுலபம். முதல் வரியிலேயே 'ஹோஸ்ட் *' போட்டு அதற்குக் கீழே யூசர் எழுதியிருக்கிறீர்கள், வினை அங்கேதான்.

கடைசியாக எழுதியதுதான் செல்லும் என்று நமக்கு ஒரு பழக்கம். எஸ்எஸ்எச் இதில் தலைகீழ். மேலிருந்து படித்துக்கொண்டே வரும், யூசருக்கு முதலில் எந்தப் பெயர் கிடைத்ததோ அதையே பிடித்துக்கொள்ளும், அப்புறம் கீழே என்ன எழுதினாலும் கண்டுகொள்ளாது. அதனால் தனித்தனி சர்வர்கள் மேலே, எல்லாவற்றுக்கும் பொதுவான நட்சத்திரக்குறி அடியில். இது தெரியாமல் நானும் ஒரு ராத்திரி முழுக்க மாமாக் கடையில் (இங்கே மலேசியாவில் தேநீர்க் கடை) தே தாரேக்கை, அதாவது இழுத்து ஆற்றிய தேநீரை, ஆறவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் 'எஸ்எஸ்எச் -ஜி' (பெரிய எழுத்து ஜி) என்று அடித்துப் பக்கத்தில் ஹோஸ்ட் வரியில் சர்வருக்கு வைத்த செல்லப்பெயரைக் கொடுங்கள், இணைக்காமலேயே கடைசியில் எந்த அமைப்பு செல்லுகிறது என்று காட்டிவிடும்.

உறைவது வேறு கதை. நான் இருப்பது சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு, கைபேசி ஹாட்ஸ்பாட்தான் கதி. போக்குவரத்து இல்லாத இணைப்பை இடையில் இருக்கும் நெட்வொர்க் மறந்துவிடும், நம் திரைக்கு அது தெரியாது. பொதுப் பகுதியில் 'சர்வர்அலைவ்இன்டர்வல் 60' போடுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து 60 வினாடி ஒன்றும் வராவிட்டால் இருக்கிறாயா என்று கேட்கும், மூன்று தடவை பதில் இல்லையென்றால் தானே துண்டித்துக்கொள்ளும். இப்போதே உறைந்து நிற்கிறதா? என்டர் தட்டி, அலைக்குறி (~), அப்புறம் ஒரு புள்ளி. வெளியே வந்துவிடலாம்.

நிறைய கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக நுழைய உதவும் சாவி ஃபைல்) வைத்திருந்தால் 'ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்' சேர்த்து, அந்த சர்வருக்குரிய கீயை மட்டும் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் ஏஜென்ட்டில் (கீகளை நினைவில் வைத்திருக்கும் நிரல்) இருப்பதையெல்லாம் வரிசையாக நீட்டும், சர்வர் வழக்கமாக 6 முயற்சிக்குமேல் பொறுக்காது, சரியான கீ வருவதற்குள் கதவைச் சாத்திவிடும். கான்ஃபிக் ஃபைலின் அனுமதியை 600 (நீங்கள் மட்டும் படிக்க, எழுத) ஆக்கிவிடுங்கள். ஹோஸ்ட் கீ சோதனையை (சர்வரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது) அணைக்கச் சொல்லும் ஆலோசனையை மட்டும் கேட்காதீர்கள், நடுவில் எவனாவது சர்வர் வேஷம் போட்டால் காட்டிக்கொடுப்பது அதுதான்.

சர்வர் பக்கத்து ஃபைலிலும் முதலில் வந்ததே செல்லும். உபுண்டு லினக்ஸில் துணை ஃபைல்களை மேலேயே இழுத்துப் படித்துவிடுவதால், நீங்கள் அடியில் பாஸ்வேர்டு நுழைவை நிறுத்தி எழுதினாலும் அது திறந்தே கிடக்கலாம். சர்வரில் 'எஸ்எஸ்எச்டி -டி' (இங்கேயும் பெரிய எழுத்து டி) அடித்து, எந்த அமைப்பு செல்லுகிறது என்று பாருங்கள். மாற்றும்போது பழைய ஜன்னலை மூடாமல், இன்னொன்றில் புதிதாக நுழைந்து பாருங்கள். நான் ஒருமுறை கீயை ஏற்றாமலேயே பாஸ்வேர்டை நிறுத்தி, ஜன்னலையும் மூடிவிட்டேன். சர்வர் ஈப்போவில் ஒரு கடையின் மாடியில். நல்ல மழையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய், கடை அண்ணனை எழுப்பிச் சாவி வாங்கி, விசைப்பலகையை நேரே செருகித்தான் சரிசெய்தேன்.